கடல் கடந்த ஆசான்: லாஃப்காடியோ ஹெர்ன்

ஓர் ஆசிரியரின் வாழ்வை எழுதப் புகுவோர் அவர் பிறந்த ஊர், பயின்ற பள்ளி, பெற்ற பட்டம், பணியாற்றிய கல்லூரி என்று வரிசைப்படுத்தித் தொடங்குவது வழக்கம். லாஃப்காடியோ ஹெர்ன் இவ்வரிசைக்குள் அடங்காதவர். கிரேக்கத் தீவொன்றில் பிறந்தார், அயர்லாந்தில் வளர்ந்தார், இங்கிலாந்தில் பயின்றார், அமெரிக்காவில் இதழாளராக உருவானார், ஜப்பானில் ஆசிரியரானார், ஜப்பானியக் குடிமகனாகவே கண் மூடினார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத இவர், ஜப்பானின் முதன்மைப் பல்கலைக்கழகத்தில் ஆறரை ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். அங்கு இவர் ஆற்றிய விரிவுரைகள், இவர் மறைந்த பின் மாணவர்களின் குறிப்பேடுகளிலிருந்து நூல்களாயின.

உலகம் இவரைப் பேய்க் கதைகளைத் தொகுத்தவராகவும், ஜப்பானைப் பற்றி அழகுற எழுதியவராகவும் அறியும். இக்கட்டுரை அவருடைய ஆசிரிய வாழ்வையே பெரிதும் நோக்குகிறது. நம் வட்டத்து உறுப்பினர் பலர் ஆசிரியர்கள். அயல்நாடு சென்று தமிழ் கற்பித்து மீண்டோரும் நம்மிடையே உண்டு. பிற மண்ணில் பாடம் சொல்வதன் பேறும் பெருந்துயரும் ஒருங்கே அமைந்த வாழ்வு ஒன்றை அறிய விரும்புவோர்க்கு ஹெர்னின் வாழ்வைவிடப் பொருத்தமானதைக் காண்பது அரிது.

வேரில்லாத இளமை

ஹெர்ன் 1850ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அயோனியன் கடலிலுள்ள லெஃப்காடா என்னும் தீவில் பிறந்தார். லாஃப்காடியோ என்னும் பெயர் அத்தீவின் பெயரிலிருந்து வந்ததே. தந்தை சார்லஸ் புஷ் ஹெர்ன், பிரித்தானியப் படையில் மருத்துவராக இருந்த அயர்லாந்துக்காரர். தாய் ரோசா, கிரேக்கப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயதானபோது தாயும் மகனும் டப்ளின் நகருக்கு வந்தனர். மொழி அறியாத ஊரில், குளிரும் தனிமையும் வருத்த, ரோசா சில ஆண்டுகளில் தம் நாடு திரும்பினார். மகன் அதன்பின் தாயைக் காணவே இல்லை. தந்தை அத்திருமணத்தை நீக்கிவிட்டு வேறு மணம் புரிந்து இந்தியாவுக்குப் படைப்பணியில் சென்றார். 1866இல் தாயகம் திரும்பும் வழியில் சூயஸ் வளைகுடாவில் உயிர் நீத்தார்.

தந்தையின் அத்தையாகிய செல்வச் சீமாட்டி ஒருவர் சிறுவனை வளர்த்தார். இங்கிலாந்தின் டர்ஹம் நகர்ப்புறத்தில் அஷா என்னுமிடத்திலிருந்த கத்தோலிக்கக் கல்லூரியில் படிக்கும்போது, பதினாறாம் வயதில், விளையாட்டுத் திடலில் நேர்ந்த விபத்தில் இடக்கண் பார்வை போயிற்று. எஞ்சிய வலக்கண்ணும் கிட்டப்பார்வையால் நலிந்தது. வாழ்நாள் முழுவதும் நூலை முகத்தோடு ஒட்டிப் பிடித்தே படித்தார். நிழற்படம் எடுக்கும்போது இடக்கண் தெரியாவண்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தையின் செல்வம் அழிய, கல்லூரிப் படிப்பும் முறிந்தது. 1869இல், பத்தொன்பது வயதில், கையில் காசின்றி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

சின்சினாட்டி நகரில் பட்டினி கிடந்த இளைஞருக்கு ஹென்றி வாட்கின் என்ற அச்சகத்தார் உறங்க இடமும் தொழிலும் தந்தார். அங்கிருந்து செய்தித்தாள் உலகில் புகுந்தார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற அலீதியா ஃபோலி என்ற பெண்ணை 1874இல் மணந்தார். இருவேறு நிறத்தார் மணப்பதை ஒஹையோ மாநிலச் சட்டம் அன்று ஒப்பவில்லை. செய்தி பரவியதும் பத்திரிகை அவரை வேலையிலிருந்து நீக்கியது. அத்திருமணமும் நிலைக்கவில்லை. 1877இல் நியூ ஆர்லியன்ஸ் சென்று பத்தாண்டு இதழாளராக வாழ்ந்தார். அங்கே கிரியோல் மக்களின் பழமொழிகளையும் சமையற் குறிப்புகளையும் தொகுத்தார். பின் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்ட்டினிக்கில் இரண்டாண்டு தங்கினார்.

வேரற்ற இவ்விளமையிலிருந்து ஒன்று தெளிவாகிறது. எந்த நாட்டையும் தம் நாடென உரிமை கொண்டாட இயலாத ஒருவருக்கு, எந்த நாட்டு எளிய மக்களின் சொல்லையும் செவிமடுக்கும் பொறுமை வாய்த்தது. பிற்காலத்தில் அவரை நல்லாசிரியராக்கியது இப்பொறுமையே.

மாட்சுவே: அன்பின் ஊர்

1890 ஏப்ரலில் அமெரிக்க இதழொன்றுக்காகக் கட்டுரை எழுத ஹெர்ன் யோக்கஹாமா துறைமுகத்தில் இறங்கினார். உடன் வந்த ஓவியருக்குத் தம்மைவிட மிகுந்த ஊதியம் என்றறிந்து வெகுண்டு, அவ்வொப்பந்தத்தை முறித்தார். அயல்நாட்டில் பிழைப்புக்கு வழியில்லை. டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜப்பானியவியல் அறிஞர் பாசில் ஹால் சேம்பர்லின் முதலியோர் துணையால் மாட்சுவே என்ற சிற்றூரில் ஆங்கில ஆசிரியர் பணி கிடைத்தது. வறுமையே அவரை வகுப்பறைக்குள் தள்ளியது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

மாட்சுவே, ஷிஞ்சி ஏரிக்கரையில் அமைந்த பழைய கோட்டை நகர். நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் ஹெர்ன் கற்பித்தார். திங்கள் ஊதியம் நூறு யென். உடன் பணியாற்றிய நிஷிதா சென்தாரோ என்னும் இளம் ஆசிரியர் மொழிபெயர்ப்பாளராகவும் வழிகாட்டியாகவும் உயிர்த்தோழராகவும் விளங்கினார். சாமுராய்க் குலத்தில் பிறந்து குடும்பம் நொடித்துப் போயிருந்த கொய்சுமி செட்சு என்பார் 1891இல் ஹெர்னின் இல்லத்துக்கு வந்தார். பின்னர் அவர்தம் வாழ்க்கைத் துணைவியானார்.

இவ்வூர்ப் பள்ளி நாட்களை ஹெர்ன் ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பாக எழுதி வைத்துள்ளார். மாணவர்க்கு நிலவு, கொசு, பியோனி மலர் போன்ற பொருள்களைத் தந்து கட்டுரை எழுதச் செய்தார். ஒருவர் எழுதிய உவமையையே பலரும் எழுதியிருக்கக் கண்டு முதலில் திகைத்தார். தனித்தன்மை எங்கே என்று மேற்கத்திய ஆசிரியர் மனம் தேடியது. அவை பரம்பரை பரம்பரையாகச் சமூகம் முழுதும் பொதுவில் போற்றி வந்த உவமைகள் என்பதைப் பின்னரே உணர்ந்தார். திணை மரபில் ஊறிய நமக்கு இதில் வியப்பில்லை. பாலைக்கு ஒரு பறவையும் முல்லைக்கு ஒரு பொழுதும் வகுத்துக்கொண்ட புலவர்களை எவரும் தனித்தன்மையற்றோர் என்று சொல்வதில்லை. அயல்நாட்டு ஆசிரியரோ இதனை மாணவர்களின் விடைத்தாள்களிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

பேரரசரின் திருவுருவப் படத்தை வணங்குவதை அயலார் சிலர் இழிவாக எண்ணுகின்றனர் என்று கேள்விப்பட்ட மாணவர் ஒருவர் ஹெர்னிடம் ஐயம் கேட்டார். நாட்டுத் தலைமையைப் போற்றுவது அம்மாணவரின் கடன் என்றே ஹெர்ன் விடை கூறினார். மேல்நாட்டிலிருந்து வந்தும் தங்களைத் திருத்த வராத ஆசிரியர் ஒருவரை மாணவர்கள் அன்று கண்டனர். மாலை வேளைகளில் அவர் வீட்டுக்கு வந்து அமர்ந்து பேசத் தொடங்கினர். தம் வீட்டுப் பழம்பொருள்களையும் ஓவியச் சுருள்களையும் கொணர்ந்து காட்டினர்.

அவர் அன்பு செய்த மாணவர் இருவர் நோயுற்று இறந்தனர். அவர்களுள் யோக்கோகி என்பவர் சாகும் முன் தம் பள்ளியை ஒருமுறை காண விரும்ப, வீட்டுப் பணியாள் இரவில் அவரை முதுகில் சுமந்து சென்று பள்ளிக் கட்டடத்தைக் காட்டினார். இதனைப் பதிவு செய்யும் ஹெர்னின் பக்கங்களில் அழகுபடுத்தும் சொல் ஒன்றேனும் இல்லை. கற்பித்தலின் பேறு எது என்று அறியாமலேயே அவர் அதனைப் பெற்றுக்கொண்ட இடம் அது.

மாட்சுவேயின் குளிர் அவர் உடலுக்கு ஒவ்வவில்லை. செட்சுவின் குடும்பத்தாரையும் தாங்க வேண்டியிருந்தது. 1891 நவம்பரில், ஊதியம் இரு மடங்காகக் கிடைத்த குமமோட்டோ நகருக்குப் புறப்பட்டார். மாணவர்கள் பழைய வாள் ஒன்றைப் பரிசளித்தனர். படகுத்துறைவரை உடன் நடந்து வழியனுப்பினர். அவர் மாட்சுவேயில் இருந்தது ஓராண்டும் சில திங்களுமே. எனினும் ஜப்பான் என்றதும் அவர் நெஞ்சில் எழுந்தது என்றும் அவ்வூரே.

குமமோட்டோ: மௌனத்தின் ஊர்

குமமோட்டோவில் இருந்தது அரசின் ஐந்தாம் உயர் நடுநிலைப் பள்ளி. 1877ஆம் ஆண்டுக் கிளர்ச்சிப் போரில் எரிந்து மீண்டும் எழுந்த நகரம் ஹெர்னுக்கு அழகற்றதாகத் தோன்றியது. பள்ளியோ செங்கல்லால் எழுப்பிய மேலைப்பாணிக் கட்டடம். மாணவர்கள் மூத்தவர்கள், கியூஷுத் தீவின் இறுக்கமும் பெருமிதமும் உடையவர்கள், ஆசிரியர் வீட்டுக்கு வந்து மனம் விட்டுப் பேசும் வழக்கம் அங்கில்லை. ஹெர்ன் ஓய்வு நேரங்களில் பள்ளிக்குப் பின்னாலிருந்த குன்றின் மேலேறி, பழைய இடுகாட்டில் அமர்ந்திருந்த மூக்குடைந்த புத்தர் சிலையருகே பொழுது போக்கினார்.

ஆயினும் இவ்வூரிலும் பாடம் நடந்தது. கணவனுக்காகத் தன் உயிர் கொடுத்த அல்செஸ்டிஸ் என்ற கிரேக்கப் பெண்ணின் கதையை ஒருநாள் சொன்னார். தியாகத்தின் பெருமையை மாணவர் போற்றுவர் என்பது அவர் எதிர்பார்ப்பு. மாணவர்களோ மனைவி சாகத் தான் வாழ இசைந்த கணவனைக் கோழை என்று பழித்தனர். ஆங்கிலப் புதினங்களில் காதலும் திருமணமும் ஏன் இத்துணை இடம் பெறுகின்றன என்று மற்றொரு நாள் வினவினர். பெற்றோர் கடனை முதலிடத்தில் வைக்கும் சமூகத்திலிருந்து எழுந்த நேர்மையான வினா அது. ஹெர்ன் அதற்கு விடை கூறத் திணறினார். அவ்வினாவைப் பல்லாண்டு உள்ளத்தில் சுமந்தார். டோக்கியோவில் ஆற்றிய விரிவுரைகளில், மேலை இலக்கியத்தைக் கீழை மாணவர் உணர்வதில் உள்ள கடத்தற்கரிய இடர் எனத் தனியே எடுத்துப் பேசியது இதனைத்தான். பெண்ணுக்கு மேலைநாடு தரும் இடத்தை விளங்கிக்கொள்ளாமல் அதன் கவிதையை உணர முடியாது என்றார். குமமோட்டோ மாணவர்களின் வினாவே டோக்கியோ மாணவர்களுக்குப் பாடமாயிற்று.

பள்ளித் தலைவராக இருந்தவர் ஜூடோக் கலையை நிறுவிய கானோ ஜிகோரோ. எதிரியின் வலிமையை எதிரிக்கே எதிராகத் திருப்பும் அக்கலையை ஹெர்ன் வியந்து நோக்கினார். மேலை நாடுகளின் அறிவைக் கற்றுக்கொண்டே அவற்றுக்கு அடிமைப்படாமல் நிற்கும் ஜப்பானின் போக்குக்கு அதுவே உருவகம் எனக் கட்டுரை வரைந்தார். அக்கட்டுரையில் அவரை அறியாமலேயே அவருடைய வருங்காலமும் அடங்கியிருந்தது. மேலைநாட்டு ஆசிரியரும் அவ்வாறு பயன்கொள்ளப்படும் வலிமைகளுள் ஒன்றுதானே.

சீனச் செவ்வியல் கற்பித்த அகிசுக்கி என்னும் முதியவர் மட்டும் ஹெர்னின் உள்ளத்தில் பெருமதிப்புக்கு உரியவரானார். 1868ஆம் ஆண்டுப் போரில் தோற்ற பக்கத்தில் நின்று, சிறையிருந்து, பின் ஆசிரியராக வாழ்ந்தவர் அவர். இருவருக்கும் பொதுமொழி இல்லை. எனினும் அம்முதியவர் வீட்டுக்கு வந்து போனால் அந்நாள் சிறந்த நாளாயிற்று. 1893 நவம்பரில் மூத்த மகன் கசுவோ பிறந்தான். 1894இல் ஜப்பானைப் பற்றிய முதல் பெருநூல் இரு தொகுதிகளாக வெளிவந்து புகழ் ஈட்டியது. அவ்வாண்டின் இறுதியில் பள்ளிப் பணியை விட்டுக் கோபே நகர் சென்று ஆங்கிலச் செய்தித்தாளில் சேர்ந்தார். கண் நோய் வருத்தியதால் அதையும் சில திங்களில் விட நேர்ந்தது. அடுத்த நூலை நிஷிதா சென்தாரோவுக்கே உரிமையாக்கினார். அத்தோழர் 1897இல் இளமையிலேயே மறைந்தார்.

பெயர் மாறிய கதை

பிரித்தானியக் குடிமகனாகவே தாம் இறந்தால் மனைவி மக்களுக்குச் சொத்துரிமை உறுதியாக இராது என்ற அச்சம் ஹெர்னை வாட்டியது. அன்றைய சட்டங்கள் அவ்வாறு இருந்தன. தந்தையால் கைவிடப்பட்ட மகன் தன் மகனுக்கு அந்நிலை வரவொட்டாமல் தடுக்க உறுதி பூண்டார். மனைவியின் குடும்பத்தில் சேர்ந்து, 1896 பிப்ரவரியில் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். பெயர் கொய்சுமி யாகுமோ. யாகுமோ என்பதற்கு எட்டு மேகங்கள் என்று பொருள். மாட்சுவே அமைந்த இசுமோ நாட்டைச் சார்ந்த மிகப் பழைய செய்யுளொன்றில் இடம்பெறும் சொல் அது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அயல்நாட்டு ஆசிரியர்க்கு அரசு பேரூதியம் தந்தது. அதே பணிக்கு ஜப்பானியர் பெற்றது மிகக் குறைவு. ஜப்பானியரானால் ஊதியம் குறையுமே என்று ஹெர்ன் தயங்கியது உண்டு. டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தின் இலக்கியக் கல்லூரித் தலைவர் தொயாமா மசகாசு, அவ்வாறு நேராது என்று உறுதி கூறி அவரை அழைத்தார். திங்கள் ஊதியம் நானூறு யென். 1896 செப்டம்பரில் ஹெர்ன் டோக்கியோவில் பாடம் தொடங்கினார்.

டோக்கியோ: குறிப்பேடுகளில் வாழ்ந்த விரிவுரை

விரிவுரை மண்டபத்தில் அவர் ஏட்டைப் பார்த்துப் படிக்கவில்லை. ஆண்டுகளும் பெயர்களும் குறித்த சிறு தாள் மட்டுமே கையில் இருக்கும். எளிய சொற்களில், மெல்ல, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஆங்கிலம் பிறமொழியாகிய மாணவர் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்ளும் வேகத்தில் அப்பேச்சு அமைந்தது. கவிதையை இலக்கணமாகவும் ஆராய்ச்சியாகவும் அன்றி உணர்ச்சியாகவே கற்பித்தார்.

அவர் கையாண்ட முறை ஒன்று ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கது. சிள்வண்டின் குரலையும் மின்மினியின் ஒளியையும் காலங்காலமாகப் போற்றி வந்தவர்கள் ஜப்பானியர். ஆகவே பூச்சிகளைப் பற்றிய மேலைக் கவிதைகளைத் திரட்டித் தனி விரிவுரையாக ஆற்றினார். பறவை, மரம், பேய், கனவு என மாணவர் உள்ளத்துக்கு ஏற்கெனவே பழகிய பொருள்களின் வழியே அயல் இலக்கியத்துக்குள் அழைத்துச் சென்றார். மாட்சுவே விடைத்தாள்களிலிருந்து கற்றதன் பயன் இது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு நடத்துவதென்றால், மாணவர்க்குத் தெரிந்தது இன்னதென்று ஆசிரியர் முதலில் கற்றாக வேண்டும். ஹெர்ன் அதனைக் கற்றிருந்தார்.

அவர் இடைவிடாது வலியுறுத்திய கருத்து மற்றொன்று. ஆங்கிலத்தில் எழுத முயன்று ஆங்கிலேயரோடு போட்டியிட வேண்டாம். மேலை இலக்கியத்தைக் கற்பது தம் மொழியில், அதுவும் மக்கள் பேசும் உயிருள்ள மொழியில், புதிய இலக்கியம் படைப்பதற்கே என்று மாணவர்க்கு அறிவுறுத்தினார். ஆங்கில இலக்கியம் கற்பிக்க ஊதியம் பெற்ற ஆசிரியர், தாய்மொழிக்குத் திரும்புமாறு மாணவரை வேண்டியது நம் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

மாட்சுவே மாணவராக இருந்து டோக்கியோவுக்கும் வந்து சேர்ந்த ஓதானி மசனோபு என்பவரின் படிப்புச் செலவை ஹெர்ன் ஏற்றார். இனாமாகத் தந்தால் இளைஞரின் மானம் புண்படும் என்று கருதி, குழந்தைப் பாடல், பௌத்தப் பழமொழி, தவளை, சிள்வண்டு என ஏதேனும் ஒரு பொருள் பற்றித் திங்கள்தோறும் செய்தி திரட்டித் தரும் வேலையை அவருக்கு வகுத்தார். அச்செய்திகள் ஹெர்னின் நூல்களில் இடம்பெற்றன.

உடன் பணியாற்றியோரிடம் இவ்வளவு இணக்கம் இல்லை. ஹெர்ன் எளிதில் புண்படுபவர், ஐயுறுபவர், பழைய நண்பர் பலரோடு முறித்துக்கொண்டவர். பழைய ஜப்பானை நேசித்த அளவு புதிய ஜப்பானை நேசிக்க அவரால் முடியவில்லை. அதிகாரிகளும் அறிஞர்களும் புதிய ஜப்பானைச் சார்ந்தவர்கள். ஆசிரியர் ஓய்வறைக்குள் செல்ல விரும்பாமல், வகுப்பு முடிந்ததும் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். பிற்காலத்தில் நாட்சுமே சோசெக்கி தம் 'சான்ஷிரோ' என்னும் புதினத்தில் இதனைப் பாத்திரம் ஒன்றின் வாயிலாகக் குறிப்பிட்டார். அப்புதினத்தின் பெயராலேயே அக்குளம் இன்று வழங்குகிறது.

இல்லத்தில் உயர்ந்த மேசையொன்றில் தாளை முகத்தருகே வைத்து இரவெல்லாம் எழுதினார். ஜப்பானிய நூல்களைத் தாமாகப் படிக்கும் அளவு அவருக்கு அம்மொழி கைவரவில்லை. செட்சு பழைய கதைகளைத் தேடிப் படித்து, விளக்கைத் தாழ்த்திவிட்டு, இருவருக்கும் மட்டுமே விளங்கும் எளிய கலப்பு நடையில் சொல்வார். அக்கதைகளே 1904இல் 'க்வைதான்' என்னும் நூலாயின.

நீக்கம்

தொயாமா 1900இல் மறைந்தார். அவர் அளித்த உறுதியும் அவரோடு மறைந்தது போலாயிற்று. 1903 ஜனவரியில், மார்ச் இறுதியோடு ஒப்பந்தம் முடிவதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹெர்னுக்கு மடல் வந்தது. அப்போது இலக்கியக் கல்லூரித் தலைவர் இனோவே தெட்சுஜிரோ. மாணவர்கள் கொதித்தெழுந்தனர். பின்னாளில் ஜப்பானிய நவீன நாடக இயக்கத்தை முன்னெடுத்த ஒசனாய் கவோருவும் அவர்களுள் இருந்தார். எதிர்ப்பைக் கண்ட பின், குறைந்த நேரமும் குறைந்த ஊதியமுமாகத் தொடருமாறு வேண்டினர். ஹெர்ன் மறுத்தார். குடும்பத்தைக் காக்கவே ஜப்பானியரானவர், ஜப்பானியரானபின் அயலார்க்குரிய ஊதியத்தைப் பெறும் நிலையை இழந்தார்.

இதனைத் தனியொருவர்க்கு இழைத்த தீங்காக மட்டும் காண்பது முழு உண்மையாகாது. மேய்ஜி அரசு தொடக்கம் முதலே ஒரு திட்டத்தோடு செயற்பட்டது. அயல்நாட்டு வல்லுநரைப் பெரும்பொருள் தந்து அழைப்பது; அவர்களிடம் தம் இளைஞரைக் கற்கச் செய்வது; பின் அவ்விளைஞருள் சிறந்தோரை அயல்நாட்டுக்கு அனுப்பித் திரும்பியதும் அவ்விடங்களில் அமர்த்துவது. ஹெர்னின் இடத்துக்கு வந்தோருள் ஒருவர் அவருடைய மாணவராகிய உவேதா பின். மற்றொருவர் அரசு செலவில் லண்டன் சென்று அவ்வாண்டுதான் திரும்பியிருந்த நாட்சுமே சோசெக்கி. அவருக்குப் பல்கலைக்கழகம் தந்த ஊதியம் ஆண்டுக்கு எண்ணூறு யென். ஹெர்ன் இரு திங்களில் பெற்றது அது.

அயல்நாட்டு ஆசிரியரின் பணியில் உள்ள முரண் இங்குதான் தோலுரிந்து நிற்கிறது. அவர் நன்கு கற்பித்தால், அவர் தேவைப்படாத நாள் விரைந்து வரும். தம் மொழியில் தாமே படைக்குமாறு மாணவர்க்குச் சொன்னவர் ஹெர்ன். தம் பல்கலைக்கழகத்தில் தாமே கற்பிப்போம் என்று நாடு சொன்னபோது அதே கொள்கையின் கூர்முனை அவர் மேலேயே பாய்ந்தது. கொள்கை சரியானதே. அதனை நிறைவேற்றிய முறையில் நன்றி இல்லை; இருபது வருவாய் வழிகள் உள்ளவர்க்கு அன்றி, வலுவிழந்த ஒற்றைக் கண்ணும் வளரும் பிள்ளைகளும் உடைய ஐம்பத்திரண்டு வயது மனிதர்க்கு அம்மடல் அனுப்பப்பட்டது. மாணவரால் பேறும் நிறுவனத்தால் துயரும் பெற்றார் என்று பிரித்துச் சொல்லலாம். ஆயினும் இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் தொடர் விரிவுரைகளுக்கு அழைத்துப் பின் பின்வாங்கியது. அதற்கென எழுதியவற்றையே ஜப்பானைப் பற்றிய தம் கடைசி ஆய்வு நூலாக ஹெர்ன் உருவாக்கினார். 1903 செப்டம்பரில் நான்காம் குழந்தையாக மகள் பிறந்தாள். செய்தித்தாள்களின் மேல் பெரிய எழுத்துகளில் பாடம் எழுதி மூத்த மகனுக்குத் தாமே ஆங்கிலம் கற்பித்து வந்தார். எத்தனையோ இளைஞர்க்குக் கற்பித்தவர்க்குக் கடைசிவரை உடனிருந்த மாணவன் இம்மகனே. 1904 வசந்தத்தில் வசேதாப் பல்கலைக்கழகம் அவரை அன்போடு வரவேற்றது. அங்கு ஓராண்டும் நிறையவில்லை. 1904 செப்டம்பர் 26ஆம் நாள் இதயம் நின்று மறைந்தார். அகவை ஐம்பத்து நான்கு. பௌத்த முறைப்படி இறுதிச் சடங்கு நிகழ, ஜோஷிகயா இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார்.

விதைத்தவை

நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்கினார் நன்னூலார். ஹெர்னுக்கு நிறைகோலின் நடுநிலை வாய்த்தது என்று சொல்ல இயலாது; மலையின் அசையாமையும் இல்லை. நிலத்தின் இயல்பு இருந்தது. உழுதவரின் முயற்சிக்கேற்பப் பயன் தருவது நிலம். அவர் மாணவர்கள் நன்கு உழுதனர்.

உவேதா பின் மேலைக் கவிதைகளை மொழிபெயர்த்து 1905இல் வெளியிட்ட 'கய்ச்சோ-ஒன்' என்னும் தொகுப்பு ஜப்பானிய நவீன கவிதையின் போக்கையே மாற்றியது. குரியகாவா ஹகுசோன் திறனாய்வாளராகப் புகழ் பெற்றார். அவருடைய நூலொன்றைச் சீனத்தின் பேரெழுத்தாளர் லூ சுன் 1924இல் மொழிபெயர்த்தார். மாணவர் எழுதி வைத்த விரிவுரைக் குறிப்புகளைக் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் எர்ஸ்கின் 1915 முதல் பதிப்பித்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று கேட்க மறுத்த குரலை மற்றொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜப்பானிய மாணவரின் கையெழுத்திலிருந்து மீட்டெடுத்தார். அச்சாகும் எண்ணமின்றி, பட்டமற்ற ஒருவர் வாய்மொழியாகச் சொன்னவை அவை. எழுதுவோரின் கை ஓயாதிருக்கும்படி மெல்லப் பேசிய பொறுமையே அவற்றைக் காத்தது.

சோசெக்கியின் கதை தனியே சொல்லத்தக்கது. அவரும் குமமோட்டோவின் அதே பள்ளியில், ஹெர்ன் விட்டுச் சென்ற சில ஆண்டுகளுக்குப் பின், 1896 முதல் ஆசிரியராயிருந்தவர். அயல்நாட்டில் அவர் பட்ட தனிமை ஹெர்ன் பட்டதற்குக் குறைந்ததன்று; லண்டன் அறைகளில் மனம் நொந்து கிடந்தவர். ஹெர்ன் அமர்ந்த இடத்தில் அமர அவர் தயங்கினார் என்பது அவர் துணைவியாரின் நினைவுகளால் அறியப்படுகிறது. மாணவர்களும் அவரை உவந்து ஏற்கவில்லை. ஹெர்னின் உணர்ச்சி ததும்பும் உரைக்குப் பழகியவர்க்கு அவருடைய பகுப்பாய்வு கசந்தது. 1907இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கிச் செய்தித்தாளொன்றில் சேர்ந்த சோசெக்கி, மக்கள் மொழியில் புதினங்கள் எழுதி நவீன ஜப்பானிய இலக்கியத்தின் தலைமகனானார். ஹெர்ன் தம் மாணவரிடம் வேண்டியதை, அவரிடம் ஒருநாளும் பயிலாத அவருடைய இடத்துக்கு வந்தவரே முழுமையாக நிறைவேற்றினார்.

சோசெக்கி 1916இல் மறைந்தார். அவரையும் ஜோஷிகயாவிலேயே அடக்கம் செய்தனர். மாட்சுவேயில் ஹெர்ன் வாழ்ந்த வீடு இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. அருகில் 1933இல் நிறுவிய நினைவு அருங்காட்சியகத்தில் அவருடைய உயர்ந்த மேசையைக் காணலாம். நம் நாட்டிலிருந்து அவ்வழி செல்லும் ஆசிரியர் எவரேனும் அதன் முன் சற்று நிற்பாராயின், தம் மாணவர் ஒருவரின் பெயரேனும் அவர் நினைவுக்கு வராமல் இராது.